0.125 பெரியதா, 0.3 பெரியதா? பூஜ்ஜியம் ஒட்டினால் தீருமா?

கேள்வி: ஜூன் 10

இந்த ஆண்டுதான் முதன்முறையாக ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 0.125, 0.3 இரண்டில் எது பெரியது என்று கேட்டேன். பெரும்பாலோர் 0.125 என்றார்கள். "125 பெரியது, 3 சிறியது" என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். வலப்பக்கம் பூஜ்ஜியம் சேர்த்து இலக்கங்களைச் சமமாக்கிக்கொண்டு ஒப்பிடுங்கள் என்று கற்றுக்கொடுத்தேன்: 0.125, 0.300. அதன் பிறகு பத்துக் கணக்குக் கொடுத்தேன். எல்லாருக்கும் பத்தும் சரி. இத்துடன் இந்தப் பாடத்தை முடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம் அல்லவா?

பதில்: ஜூன் 10, இரவு

போகாதீர்கள். பிழை அப்படியே இருக்கிறது, மேலே ஒரு பூஜ்ஜியத்தைப் போட்டு மூடியிருக்கிறீர்கள். முன்பு 125-ஐயும் 3-ஐயும் முழு எண்களாக ஒப்பிட்டவர்கள் இப்போது 125-ஐயும் 300-ஐயும் முழு எண்களாக ஒப்பிடுகிறார்கள். விடை மாறிவிட்டது, நினைப்பு மாறவில்லை.

நானும் பல ஆண்டுகள் இதே விதியைத்தான் கற்பித்தேன். நன்றாகக் கற்பித்ததாகவும் நம்பினேன். பிறகு எட்டாம் வகுப்பில் அதே பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். ஒருநாள் 3.9 + 0.1 எவ்வளவு என்று கேட்டேன். பாதிக்கு மேற்பட்ட நோட்டுகளில் 3.10 என்று இருந்தது. அன்று மாலை அந்த நோட்டுகளை மேசைமேல் அடுக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நாளை வகுப்பில் எந்த விதியையும் நினைவூட்டாமல் மூன்றே கேள்விகள் கேளுங்கள். 0.6 + 0.7 எவ்வளவு? 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் ஏதாவது எண் இருக்கிறதா? 2.5-ஐப் பத்தால் பெருக்கினால் என்ன வரும்? 0.13, "இல்லை", 2.50 என்று விடைகள் வந்தால் திரும்ப வந்து எழுதுங்கள்.

ஜூன் 11

கீழே ஒருவர், "இது கவனக்குறைவு, பயிற்சி போதவில்லை" என்று எழுதியிருக்கிறார். நான் ஏற்கவில்லை. கவனக்குறைவால் வரும் பிழை ஒரு கணக்கில் வரும், அடுத்ததில் வராது. இந்தப் பிழை ஒழுங்காக, ஒவ்வொரு முறையும், ஒரே மாதிரி வருகிறது. அதற்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது. நான் பார்த்தவரை மூன்று தர்க்கங்கள்.

முதலாவது, நீளமானது பெரியது. முழு எண்களில் இது எப்போதும் உண்மை: மூன்று இலக்க எண் இரண்டு இலக்க எண்ணைவிடப் பெரியதுதான். ஆறு ஆண்டுகள் பிழையின்றி உதவிய அறிவை ஒரு புள்ளியைப் பார்த்ததும் கைவிட எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

இரண்டாவது இதற்கு நேர் எதிர்: நீளமானது சிறியது. "பத்தில் ஒன்று பெரிய துண்டு, ஆயிரத்தில் ஒன்று பொடித் துண்டு. ஆகவே ஆயிரத்தில் ஒன்றுகள் வரை போகிற எண் சிறியதாகத்தான் இருக்கும்." இப்படி நினைக்கும் பிள்ளை முதல் பிள்ளையைவிட ஒரு படி மேலே இருக்கிறது என்பது என் எண்ணம். துண்டின் அளவு அதற்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை துண்டுகள் என்பதைத்தான் மறந்துவிடுகிறது. இருவருக்கும் ஒரே சிவப்புக் கோடு போட்டு அனுப்புவது அநியாயம்.

மூன்றாவது, முன்னால் வரும் பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்ற எண்ணம். 03 என்றாலும் 3 என்றாலும் ஒன்றுதானே? அப்படியென்றால் 0.03-உம் 0.3-உம் ஒன்றுதான். இதே பிள்ளை 4.08 பெரியதா 4.7 பெரியதா என்றால் 4.08 என்று சொல்லும், 8 பெரியதாயிற்றே.

யார் எந்த வகை என்று கண்டுபிடிக்க 0.6, 0.45 என்ற ஒரே ஜோடி போதும்.

ஜூன் 11, சற்று நேரம் கழித்து

மேலே கடைசி வரியில் தவறாக எழுதிவிட்டேன். ஒரு ஜோடி போதாது. 0.6, 0.45 என்று கொடுத்தால் நீளமானது பெரியது என்பவர் 0.45 என்று சொல்லி மாட்டிக்கொள்வார். நீளமானது சிறியது என்பவரோ 0.6 என்று சொல்லி முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார். அவரைப் பிடிக்க 0.75, 0.5 வேண்டும். அங்கே அவர் 0.5 என்பார்; முதல் வகையினர் 0.75 என்று சரியான விடையைத் தவறான காரணத்தால் சொல்வார்கள்.

ஆக, இரண்டு ஜோடிகளையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். பூஜ்ஜியக் குழப்பத்துக்கு 0.3, 0.03 மூன்றாவதாக. ஒவ்வொன்றிலும் "ஏன்?" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், அந்த வரிதான் முக்கியம். நாம் கொடுக்கும் பயிற்சிக் கணக்குகளை எடுத்துப் பாருங்கள்: 0.45, 0.62 என்று ஒரே நீளமுள்ள எண்களாக எத்தனை இருக்கின்றன! அவற்றில் புள்ளியையே பார்க்காத பிள்ளைகூட நூற்றுக்கு நூறு எடுத்துவிடலாம்.

ஜூன் 13

எப்படி வாசிக்கிறோம் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு இதுதான் நெஞ்சுக்கு நெருக்கமான பகுதி.

0.25-ஐ "பூஜ்ஜியம் புள்ளி இருபத்தைந்து" என்று வாசிக்க விடாதீர்கள். அப்படி வாசிக்கும் வாய் புள்ளிக்கு வலப்பக்கம் இன்னொரு முழு எண் இருப்பதாகக் காதுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. "பூஜ்ஜியம் புள்ளி இரண்டு ஐந்து" என்பது பழுதில்லை, ஆனால் அதில் பொருளும் இல்லை. தொலைபேசி எண்ணை ஒப்பிப்பது போலத்தான். தொடக்கத்தில் சில வாரங்களாவது "இரண்டு பத்தில் ஒன்றுகள், ஐந்து நூறில் ஒன்றுகள்" என்று நீட்டி வாசிக்கச் சொல்லுங்கள். மெதுவாகத்தான் போகும், போகட்டும்.

இந்த இடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. "பத்தில் ஒன்று" என்ற பெயரிலேயே பொருள் திறந்து கிடக்கிறது: பத்தாகப் பிரித்ததில் ஒன்று. ஆனால் அதே மொழி ஓரிடத்தில் காலையும் வாருகிறது. "பத்துகள்", "பத்தில் ஒன்றுகள்" என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். பின்வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கும். நான் "பத்தில்" என்ற சொல்லில் சற்று நிறுத்தி, கையால் வெட்டுவது போலக் காட்டுவேன். இப்போது பிள்ளைகளும் அப்படியே வெட்டுகிறார்கள்.

முழு எண்களிலேயே நம் எண்ணுப் பெயர்கள் இரண்டு இடங்களில் வழுக்கும். எண்பதுக்குப் பிறகு வருவது தொண்ணூறு. ஒலியில் நூறு இருக்கிறது, மதிப்பில் இல்லை. எண்ணூறுக்குப் பிறகு தொள்ளாயிரம். அதில் ஆயிரம் ஒலிக்கிறது. தொள்ளாயிரத்து ஐந்து என்று சொன்னதைக் கேட்டு 9005 என்று எழுதிய மாணவனை நான் முதலில் கடிந்துகொண்டேன். பிறகுதான் புரிந்தது, அவன் காதில் விழுந்ததை அப்படியே உண்மையாக எழுதியிருக்கிறான். "ஒன்பது நூறுகள், ஐந்து ஒன்றுகள்" என்று சொன்னதும் தானாகவே திருத்திக்கொண்டான்.

இன்னொன்று. அரை, கால், அரைக்கால், வீசம் என்ற பழைய பின்னப் பெயர்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. பக்கத்திலேயே தசமத்தில் எழுதினேன்: 0.5, 0.25, 0.125, 0.0625. பாதியாகப் பாதியாக வால் நீண்டுகொண்டே போகிறது! நீளமானது பெரியது என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்று அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் 0.125 அரைக்கால்தான். காலில் பாதி எப்படி 0.3-ஐவிடப் பெரியதாக இருக்கும் என்று அவளே கேட்டாள்.

ஜூன் 14

இடமதிப்பு அட்டவணையில் புள்ளிக்கென்று ஒரு தனிக் கட்டம் போடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். புள்ளி ஓர் இடமே அல்ல. ஒன்றாம் இடம் எது என்று காட்டும் அடையாளம், அவ்வளவுதான். ஒன்றாம் இடத்தின் வலப்பக்கக் கோட்டின்மேல் தடிமனாக ஒரு புள்ளி வையுங்கள், போதும்.

இது சிறு விஷயமில்லை. "இடப்பக்கம் ஒன்றுகள், பத்துகள், நூறுகள். வலப்பக்கம் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று. அப்படியென்றால் ஒன்றில் ஒன்று எங்கே, டீச்சர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். புள்ளியைக் கண்ணாடியாக நினைப்பவருக்கு ஓர் இடம் விடுபட்டதாகத்தான் தெரியும். கண்ணாடி ஒன்றாம் இடத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு படி இடப்பக்கம் பத்து, ஒரு படி வலப்பக்கம் பத்தில் ஒன்று. இரண்டு படி தள்ளி நூறு, நூறில் ஒன்று. அவனிடம் இதைச் சொன்னபோது, "அப்படியென்றால் ஒன்றில் ஒன்று என்பது ஒன்றேதான்" என்றான்.

ஜூன் 18

காகிதப் பட்டை வகுப்பைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். நீளமாகத்தான் இருக்கும்.

சரியாக ஒரு மீட்டர் நீளமுள்ள காகிதப் பட்டைகள், நான்கு பேருக்கு ஒன்று. கோடு, எண் எதுவும் இல்லாத வெறும் பட்டை. இதுதான் "ஒன்று". முதல் வேலை: இந்தப் பட்டையை வைத்து மேசையின் நீளத்தை அளந்து சொல்லுங்கள். "ஒன்றும் கொஞ்சமும்" என்றார்கள். எல்லாக் குழுவும் அதையேதான் சொன்னது. பக்கத்து மேசையும் ஒன்றும் கொஞ்சமும்தான். அப்படியென்றால் இரண்டு மேசைகளும் ஒரே நீளமா? இல்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது. "கொஞ்சம்" என்பதைச் சொல்ல ஒரு வழி வேண்டும். அந்தத் தேவை அவர்களுக்கு வரும்வரை நான் தசமம் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

அடுத்து, இன்னொரு பட்டையைப் பத்துச் சம துண்டுகளாக்க வேண்டும். மடித்துப் பார்க்கச் சொன்னேன், அது என் தவறு. இரண்டாக, நான்காக, எட்டாக மடிக்கலாம்; பத்தாக மடிப்பது பெரியவர்களுக்கே வராது. பாதி வகுப்பு அதிலேயே போய்விட்டது. நீங்கள் செய்தால் பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஓர் அட்டைத் துண்டை முன்பே வெட்டிக்கொண்டு போங்கள், அதை வைத்துக் குறித்து வெட்டட்டும். ஆனால் அது பத்து சென்டிமீட்டர் என்று சொல்லாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பத்தில் ஒன்றுகள் கிடைத்தன. மேசை இப்போது ஒரு பட்டை, மூன்று பத்தில் ஒன்றுகள், இன்னும் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காக ஒரு துண்டை மறுபடி பத்தாக வெட்டினார்கள். ஏழு வைத்தார்கள். பலகையில் 1.37 என்று எழுதினேன். ஒவ்வொரு இலக்கமும் அவர்கள் கையில் இருந்தது.

பிறகு வகுப்பு அலமாரியின் அகலம். ஒரு பட்டை வைத்ததும் மிச்சம் இருந்தது பத்தில் ஒன்றைவிடக் குறைவு. ஒரு குழு 1.4 என்று எழுதியது. ஏனென்றால் நூறில் ஒன்றுகள் நான்கு. பக்கத்துக் குழு எதிர்த்தது: "நான்கு எந்தத் துண்டில் நான்கு?" இந்தக் கேள்வியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரிய துண்டில் நான்கை எடுத்து வைத்துக் காட்டினார்கள். அலமாரியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "பத்தில் ஒன்று ஒன்றுகூட வைக்கவில்லை, அதை எப்படி எழுதுவது?" என்று கேட்டுவிட்டு அவர்களே 1.04 என்று எழுதினார்கள். பூஜ்ஜியத்துக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் அந்த வகுப்பு கண்டது.

ஆயிரத்தில் ஒன்று வெட்ட முடியாது, ஆனால் காட்டலாம்: அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர். அதற்கும் கீழே? சாதாரண அச்சுத்தாள் பத்தை அடுக்கினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரும். அப்படியென்றால் ஒரு தாளின் தடிமன் சுமார் 0.0001 மீட்டர். ஒரு மாணவி தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அதன் விளிம்பைப் பார்த்தாள். பத்தாயிரத்தில் ஒன்றைப் பார்க்கிறாள்! இந்தப் பாடத்தில் எனக்கு இதைவிட மகிழ்ச்சியான கணம் இல்லை.

ஜூன் 19

சென்டிமீட்டர் என்று ஏன் சொல்லக் கூடாது என்றால், சொன்ன மறுநொடி 1.37 என்பது "ஒரு மீட்டர், முப்பத்தேழு சென்டிமீட்டர்" ஆகிவிடும். தவறில்லைதான். ஆனால் புள்ளியின் இந்தப் பக்கம் ஒரு முழு எண், அந்தப் பக்கம் இன்னொரு முழு எண், நடுவில் ஒரு வேலி என்ற பழைய படம் திரும்பி வந்துவிடும். பணத்தை உதாரணமாக எடுத்தாலும் இதே கதிதான்: புள்ளிக்குப் பிறகு எப்போதும் இரண்டே இலக்கம், அவற்றுக்குத் தனி அலகு. அந்தப் பழக்கத்தில் ஊறிய பிள்ளையிடம் 1.372-ஐக் காட்டினால் அந்த 2 எங்கே போகும் என்று தெரியாமல் விழிக்கும்.

பணத்தை அறவே தொடக் கூடாது என்று முன்பு ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். அவ்வளவு கடுமையாகச் சொல்லத் தேவையில்லை. இடமதிப்பு நன்றாக ஊன்றிய பிறகு பணக் கணக்குத் தாராளமாக வரட்டும். அதிலிருந்து தொடங்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஜூன் 22

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார். 0.6 + 0.7-க்கு வகுப்பில் பெரும்பாலோர் 0.13 என்று போட்டார்களாம். மனம் தளர்ந்திருக்கிறார். தளர வேண்டாம். இப்போது தெரிந்துவிட்டதே, அதுவே பெரிய லாபம். பட்டைகளை எடுத்து ஆறு பத்தில் ஒன்றுகளையும் ஏழு பத்தில் ஒன்றுகளையும் நீளவாக்கில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். பதின்மூன்று துண்டுகள். முழுப் பட்டையை அருகில் போட்டால் பத்துத் துண்டுகள் அதற்குச் சரியாகிவிடும், மூன்று வெளியே நிற்கும். பத்துச் சேர்ந்தால் இடப்பக்கம் ஒன்றாக ஏறும் என்பது முழு எண்களில் அவர்களுக்குத் தெரிந்த அதே விதிதான். புதிதாக எதுவும் இல்லை என்று அவர்களே சொல்ல வேண்டும்.

அவர் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "புத்தகத்தில் 3.9-ஆம் பகுதிக்குப் பிறகு 3.10 வருகிறதே, அதை வைத்து என்னிடம் வாதாடுகிறார்கள்." நல்ல பிள்ளைகள். அந்தப் புள்ளி தசமப் புள்ளி இல்லை, மூன்றாம் பாடத்தின் பத்தாம் பகுதி என்று பிரித்துக் காட்டும் புள்ளி. 1.30 மணி நேரம் என்று எழுதுவதும் அப்படித்தான். அது ஒன்றரை மணி, தசமத்தில் 1.5.

என் வகுப்பில் கிரிக்கெட் வந்தது. 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும். இன்னும் மூன்று பந்து வீசினால் 4.6 இல்லை, 5 ஓவர். "இது எந்தப் புள்ளி?" என்று கேட்டேன். கடைசிப் பெஞ்சில் ஒருவன், "இங்கே ஆறு சேர்ந்தால்தான் டீச்சர் ஏறும்" என்றான். ஏறுவதற்கு எத்தனை வேண்டும் என்பதுதான் இடமதிப்பின் உயிர். அதை அவன் பந்துகளை எண்ணியே கண்டுகொண்டான். 4.3 ஓவர் தசமத்தில் எவ்வளவு என்றேன், நாலரை, 4.5 என்று வந்தது. அடிமானம் ஆறு (பத்துப் பத்தாக இல்லாமல் ஆறு ஆறாக ஏறும் எண்முறை) என்ற பேச்சை நான் எடுக்கவில்லை, எடுத்திருந்தால் கெடுத்திருப்பேன்.

ஜூன் 23

நேற்றுச் சொல்ல மறந்தது. 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் பதினான்கு வயது நாதியா கொமனேச்சி ஜிம்னாஸ்டிக்ஸில் முழுமையான பத்து மதிப்பெண் பெற்றபோது பலகையில் 1.00 என்றுதான் தெரிந்தது. 10.00 காட்ட நான்கு இலக்கங்கள் வேண்டும், பலகையில் மூன்றுக்குத்தான் இடம். இலக்கங்கள் அப்படியே இருக்க, ஓரிடம் மாறியதில் மதிப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. இதை வகுப்பில் சொல்லிவிட்டு, "பலகையில் எதை மாற்றியிருந்தால் போதும்?" என்று கேளுங்கள். புள்ளியை நகர்த்தினால் போதும் என்பவர்களும் இன்னோர் இலக்கம் வேண்டும் என்பவர்களும் மோதிக்கொள்வார்கள். மோதட்டும்.

ஜூன் 27

அந்த மோதலிலிருந்தே தொடர்கிறேன். பத்தால் பெருக்கும்போது "ஒரு பூஜ்ஜியம் சேர்" என்று சின்ன வகுப்புகளில் சொல்லிவிடுகிறோம். அதுதான் 2.5 × 10 = 2.50 என்று இங்கே வந்து நிற்கிறது. அதைத் திருத்த "புள்ளியை வலப்பக்கம் நகர்த்து" என்கிறோம். இதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. புள்ளி ஒன்றாம் இடத்தின் அடையாளம் என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே அதை நகர்த்தினால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

நான் செய்வது: அட்டவணையைப் பலகையில் நிலையாக வரைந்துவிட்டு, இலக்கங்களை ஒரு நீளத் தாளில் எழுதி அதன்கீழ் நகர்த்துகிறேன். பத்தால் பெருக்கினால் ஒவ்வொரு துண்டும் பத்து மடங்காகிறது. ஐந்து பத்தில் ஒன்றுகள் ஐந்து ஒன்றுகளாகின்றன, இரண்டு ஒன்றுகள் இரண்டு பத்துகளாகின்றன. ஆகவே எல்லா இலக்கங்களும் ஓரிடம் இடப்பக்கம் நகர்கின்றன, புள்ளி அசைவதில்லை.

இதில் ஒரு வரலாற்றுச் செய்தி உதவியது. ஐரோப்பாவில் தசமத்தைப் பரப்பிய சைமன் ஸ்டெவின் 1585-இல் வெளியிட்ட சிறு நூலில் புள்ளியே கிடையாது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் பக்கத்தில் ஒரு சிறு வட்டம், வட்டத்துக்குள் அதன் இட எண். ஒன்றுகளுக்கு 0, பத்தில் ஒன்றுகளுக்கு 1, நூறில் ஒன்றுகளுக்கு 2. 27.847 என்பதை 27⓪8①4②7③ என்று எழுதினார். (தசமப் பின்னம் அவர் கண்டுபிடித்ததும் அல்ல. பத்தாம் நூற்றாண்டில் தமாஸ்கஸில் அல்-உக்லீதிஸியிடமும், பதினைந்தாம் நூற்றாண்டில் சமர்கந்தில் அல்-காஷியிடமும் அது இருந்தது.) எழுதுவதற்குத் தொல்லைதான். ஆனால் ஒவ்வோர் இலக்கமும் தன் இடத்தைத் தானே சொல்கிறது.

0.125-ஐயும் 0.3-ஐயும் ஸ்டெவின் முறையில் எழுதச் சொன்னேன்: 1①2②5③, 3①. பிள்ளைகள் தாமாகவே ① எங்கே என்று தேடி ஒன்றையும் மூன்றையும் ஒப்பிட்டார்கள். யாரும் 125 என்று வாசிக்கவில்லை. வாசிக்கவே முடியாது! இனி ஒவ்வோர் ஆண்டும் ஒரு வாரம் இந்த வட்டங்களை எழுத வைப்பேன்.

ஜூலை 2

ஜூன் 13-ஆம் தேதிக் குறிப்பில் அரை, கால், அரைக்கால் வரிசையைப் பற்றி மகிழ்ந்து எழுதியிருந்தேன். அதன் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். அன்று எழுந்து நின்ற அதே மாணவி நேற்றுத் தேர்வில் 0.75-ஐவிட 0.5 பெரியது என்று எழுதியிருக்கிறாள். காரணம்: "வால் நீண்டால் சிறியது." அந்த வரிசையிலிருந்து அவள் எடுத்துக்கொண்டது அதுதான். ஒரு தவறான விதியிலிருந்து அவளை வெளியே கொண்டுவந்து அதற்கு எதிரான இன்னொன்றில் விட்டிருக்கிறேன்.

அவளை அழைத்து அருகில் உட்கார வைத்து, "முக்காலை எழுது" என்றேன். 0.75 என்று எழுதினாள். எழுதி முடித்ததும் பக்கத்தில் இருந்த 0.5-ஐப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "முக்கால் அரையைவிடப் பெரியதாயிற்றே" என்றாள். வால் எப்படி இருக்கிறது என்றேன். "நீளம்தான். ஆனால் முதலில் ஏழு இருக்கிறது." அவ்வளவுதான் வேண்டியது. அந்த வரிசையை எழுதுகிறவர்கள் முக்காலையும் அதே பலகையில் எழுதுங்கள். நான் எழுதவில்லை.

ஜூலை 3

பூஜ்ஜியம் ஒட்டும் விதியை நான் முழுவதும் தடை செய்கிறேனா என்று கேட்கிறார்கள். முதல் குறிப்பில் அப்படித்தான் ஒலிக்கிறது. இப்போது இப்படிச் சொல்வேன்: விதியாகக் கொடுக்காதீர்கள், கண்டுபிடிப்பாக வரட்டும். நான்கு பத்தில் ஒன்றுகள் கையில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பத்தாக வெட்டினால் நாற்பது நூறில் ஒன்றுகள். நீளம் மாறவில்லை. அதனால் 0.4-உம் 0.40-உம் ஒன்று. வெட்டிப் பார்த்த பிள்ளை பூஜ்ஜியம் ஒட்டினால் அதில் பொருள் இருக்கிறது.

அந்தக் கடைசிப் பூஜ்ஜியம் எங்கும் வெட்டி வேலைதானா என்றால் அதுவும் இல்லை. 2.5 மீட்டர் என்று ஒருவர் எழுதினால் பத்தில் ஒன்று வரை அளந்திருக்கிறார், 2.50 என்றால் நூறில் ஒன்று வரை பார்த்து அங்கே எதுவும் இல்லை என்று சொல்கிறார். ஆய்வகத்தில் இந்த வேறுபாடு முக்கியம். மருந்துச் சீட்டிலோ இதற்கு நேர் எதிரான வழக்கம்: 1.0 மில்லிகிராம் என்று எழுதக் கூடாது, புள்ளி மங்கினால் பத்து மடங்கு மருந்து போய்விடும். முன்னால் வரும் பூஜ்ஜியத்தையும் விடக் கூடாது; .5 என்று எழுதினால் 5 என்று படித்துவிடலாம், 0.5 என்றே எழுத வேண்டும். இதைச் சொன்ன நாளில் என் வகுப்பில் இருந்த அமைதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதன் பிறகு யாரும் புள்ளியை மெல்லிசாக வைக்கவில்லை.

ஜூலை 9

கால்குலேட்டர் விளையாட்டு, சுருக்கமாக. 4.275 என்று அழுத்தச் சொல்லுங்கள். ஒரே ஒரு கழித்தலில் 7 மட்டும் பூஜ்ஜியமாக வேண்டும், மற்றவை அப்படியே இருக்க வேண்டும். 7-ஐக் கழித்தவனுக்குத் திரையில் குறை எண் வந்தது, -2.725. 0.7-ஐக் கழித்தவளுக்கு 3.575. 0.07 என்று முயன்றவளுக்கு 4.205. திரையே சரி, தவறு சொல்லிவிடுகிறது, நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. முகமதிப்பு 7, இடமதிப்பு ஏழு நூறில் ஒன்றுகள் என்று வரையறை சொல்லி எழுத வைத்த காலங்களில் இவ்வளவு தெளிவு நான் பார்க்கவில்லை.

ஜூலை 15

0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் எண் உண்டா என்ற கேள்வியை நேற்றுத்தான் என் வகுப்பில் கேட்டேன். முதல் விடை, இல்லை. சற்று நேரத்தில் ஒன்பது என்றார்கள்: 0.31 முதல் 0.39 வரை. பலகையில் 0.3-இலிருந்து 0.4 வரை நீளமாகக் கோடு வரைந்து பத்தாகப் பிரித்தோம். அதில் ஒரு துண்டைக் கீழே பெரிதாக வரைந்து மறுபடி பத்தாகப் பிரித்தோம். மூன்றாவது கோட்டுக்குப் பலகையில் இடம் இல்லை. தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்தார்கள்.

"அப்படியென்றால் 0.3-க்கு அடுத்த எண் எது?" என்றேன். 0.31 என்றது ஒரு குரல். 0.301 என்றது இன்னொன்று. 0.3001. பூஜ்ஜியங்கள் கூடிக்கொண்டே போயின. முக்கால் எழுதிய அந்த மாணவி கையைத் தூக்கி, "அடுத்த எண் என்றே ஒன்று இல்லை, டீச்சர். எதைச் சொன்னாலும் அதற்கு முன்னால் ஒன்று வந்துவிடும்" என்றாள். வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை.

மணி அடிக்கும்போது ஒரு மாணவன், "ஒன்றுக்கு முந்தைய எண்ணும் அப்படியென்றால் கிடையாதா? 0.999 என்று ஒன்பதுகளை நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனால் அது ஒன்றுக்கு முந்தைய எண்தானே?" என்று கேட்டுவிட்டான். இது ஆறாம் வகுப்புக்கான கேள்வி இல்லை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நாளை பத்து நிமிடம் எடுத்து வைத்திருக்கிறேன். 1-ஐ 3-ஆல் வகுக்கச் சொல்லி, வரும் 0.333-ஐ நிறுத்தாமல் எழுத வைத்து, பிறகு அதை மூன்றால் பெருக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.